வீட்டு நெட்டுக்கு ரவுட்டர் வாங்குறதுக்கு முன்னாடி உங்க வீட்டு சுவர பாருங்க

சிங்கப்பூர்ல வீட்டு வாசல் வரைக்கும் வர்ற ஃபைபர் லைன் பெரும்பாலும் நல்லாதான் இருக்கு. கோளாறு எல்லாம் வாசலுக்கு உள்ளதான். 1 ஜிபிபிஎஸ் பிளான் எடுத்து மாசாமாசம் காசு கட்டுறோம், ஆனா கடைசி ரூம்ல பிள்ளை ஜூம்ல கிளாஸ் போட்டா மூஞ்சி உறைஞ்சு நிக்குது, ஊருக்கு வாட்ஸ்அப் வீடியோ கால் போட்டா பாதியில கட்டாகுது. உடனே நாம என்ன பண்றோம், கடைக்குப் போயி இருக்குறதுலயே பெரிய நம்பர் போட்ட, ஆறு எட்டு ஆன்டெனா நீட்டிக்கிட்டு இருக்குற ரவுட்டர தூக்கிட்டு வந்துடுறோம். பாதி வீட்டுல அப்பவும் பிரச்சின தீராது. ஏன்னா ரவுட்டர் நல்லதா கெட்டதாங்குறத முடிவு பண்றது பாக்ஸ் மேல இருக்குற நம்பர் இல்ல, உங்க வீட்டு சுவரு, ரவுட்டர் உக்காந்திருக்குற இடம், உங்க கையில இருக்குற போனு லேப்டாப்பு, அப்புறம் அந்த கம்பெனி எத்தன வருசத்துக்கு அப்டேட் குடுக்கும்ங்குறது. இத ஒண்ணொண்ணா புரிஞ்சுக்கிட்டா கடைக்காரர் சொல்றத நம்பி வாங்க வேண்டிய அவசியமே இல்ல.

முதல்ல வீட்டுக்குள்ள என்னென்ன பெட்டி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். சுவத்துல சின்னதா ஒரு வெள்ளப் பெட்டி இருக்கும், அதுதான் ஃபைபர் முடியிற இடம், டிபின்னு சொல்லுவாங்க. அந்த ஃபைபர் நெட்லிங்க்ங்குற கம்பெனியோடது, நீங்க சிங்டெல் ஸ்டார்ஹப் எம்1 மைரிபப்ளிக்னு எதுக்கு மாறுனாலும் பெரும்பாலும் அதே ஃபைபர்தான், அத வாடகைக்கு எடுத்துதான் அவங்க நமக்கு சர்வீஸ் குடுக்குறாங்க. டிபியில இருந்து மெல்லிசா ஒரு வயர் அடுத்த பெட்டிக்குப் போகும், அது ஓஎன்டி. ஃபைபர்ல ஒளியா வர்றத லேன் கேபிள்ல போற மாதிரி மாத்துறது அதோட வேலை. அதுக்கு அடுத்ததுதான் ரவுட்டர், வைஃபை வர்றது இதுல இருந்து. இப்ப சில பிளான்ல ஓஎன்டியும் ரவுட்டரும் ஒரே பெட்டியா வருது, அத ஓஎன்ஆர்னு சொல்றாங்க, அதப் பத்தி கீழ சொல்றேன்.

இந்த வரிசை ஏன் முக்கியம்னா, நெட் போச்சுன்னா எது மேல குத்தம்னு கண்டுபிடிக்க இதான் வழி. ஓஎன்டியில எல்ஓஎஸ்னு ஒரு லைட் இருக்கும், அது சிவப்பா எரிஞ்சா இல்ல சிமிட்டுனா ஃபைபர்ல ஒளியே வரல, நீங்க ஆயிரம் வெள்ளிக்கு ரவுட்டர் வாங்கி வெச்சாலும் ஒண்ணும் ஆகாது, சர்வீஸ் குடுக்குறவங்களுக்கு போன் பண்றதுதான் வழி. லைட் சரியா இருக்குன்னா ஒரு லேப்டாப்ப லேன் கேபிள் போட்டு நேரா ரவுட்டர்ல குத்தி ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிப் பாருங்க. 1 ஜிபிபிஎஸ் (அதாவது 1000 எம்பிபிஎஸ்) பிளான்ல 900 எம்பிபிஎஸ்க்கு மேல வந்தா லைன் தங்கம், கோளாறு வைஃபைலதான். (முழுசா 1000 வராது, சாதா கிகாபிட் போர்ட்ல 940 பக்கம்தான் வரும், மிச்சம் டேட்டாவ கட்டி அனுப்புற வேலைக்குப் போயிடும்.) கேபிள் போட்டும் 200தான் வருதுன்னா வைஃபை ரவுட்டர் மாத்துறதுக்கு முன்னாடி கேபிள மாத்திப் பாருங்க, லேப்டாப் போர்ட்ட பாருங்க, அப்புறம் லைன பத்தி கேளுங்க. இந்த ஒரு டெஸ்ட் பண்ணாம ரவுட்டர் வாங்கவே போகாதீங்க, நெசமா சொல்றேன், எத்தனயோ பேரு காசு இங்கதான் வீணாகுது.

எவ்வளவு ஸ்பீடு தேவைங்குறதுலயும் ஒரு தெளிவு வேணும். நெட்ஃபிளிக்ஸ்ல 4கே படம் பாக்க 15 எம்பிபிஎஸ் போதும்னு அவங்களே சொல்றாங்க. வீடியோ கால் அதவிட ரொம்ப கம்மி. நாலு பேரு நாலு ரூம்ல 4கே பாத்தாக்கூட 60தான் ஆகுது. அப்ப 1000 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் ஏன் சுத்துது? ஸ்பீடு பத்தாம இல்ல, அந்த ரூமுக்கு சிக்னல் நிலையா போய் சேரல. அதனாலதான் வேகமான ரவுட்டர் தேடாம நிலையான ரவுட்டர் தேடுங்கன்னு சொல்றேன். இன்னொண்ணு, பிளான்ல போட்டிருக்குறது மெகாபிட், ஃபைல் டவுன்லோடு ஆகும்போது கம்ப்யூட்டர் காட்டுறது மெகாபைட், 8ஆல வகுத்துக்கணும், 1 ஜிபிபிஎஸ்னா நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல வராது. அத பாத்துட்டு ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போக வேண்டாம்.

இப்ப சுவரு விசயத்துக்கு வருவோம், நம்ம ஊருக்கு இதான் தலையாய விசயம். வைஃபை மூணு அலைவரிசையில ஓடுது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரொம்ப தூரம் போகும், சுவரும் தாண்டும், ஆனா வேகம் கம்மி, அதோட நெரிசல் சொல்லி மாளாது, மைக்ரோவேவ் அடுப்புகூட அதே அலைவரிசையிலதான் வேலை செய்யுது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா ஒவ்வொரு சுவத்துக்கும் பலம் குறையும். 6 கிகாஹெர்ட்ஸ் புதுசு, நெரிசல் கம்மி, சுவரு தாண்டுறதுல மூணுலயும் இதுதான் ரொம்ப வீக். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குல ஃபோன்ல வைஃபை லிஸ்ட்ட திறந்து பாருங்க, மேல் வீடு கீழ் வீடு எதுத்த வீடுன்னு இருபது முப்பது பேரு வரும். 2.4ல ஒண்ணோட ஒண்ணு மோதாம ஓட 1, 6, 11னு மூணே சேனல்தான் (அலைவரிசைக்குள்ள பிரிச்ச பாதை), இத்தன பேரும் அந்த மூணுக்குள்ளதான் அடிச்சுக்கணும். அதனால போன், டிவி, லேப்டாப் எல்லாம் 5லதான் ஓடணும், 2.4ஐ ஸ்மார்ட் பல்பு, வேக்கூம் ரோபோ, பழைய பிரிண்டர் மாதிரி சாமானுக்கு விட்டுடுங்க.

அப்புறம் நம்ம பாம் ஷெல்டர். 1998ல இருந்து கட்டுற புது வீடுகள்ல வீட்டுக்குள்ளயே ஷெல்டர் இருக்கணும்னு சட்டமே இருக்கு. முழுக்க கம்பி போட்ட கான்கிரீட்டு, கதவு இரும்பு. குண்டு வெடிச்சா தாங்கணும்னு கட்டுன சுவரு வைஃபைக்கு வழி விடுமா? பெரும்பாலான வீட்டுல அத ஸ்டோர் ரூமாதான் வெச்சிருக்கோம், வாசலுக்குப் பக்கத்துல இல்ல கிச்சன் பக்கத்துல இருக்கும், டிபியும் அதே பக்கம் இருந்துச்சுன்னா ரவுட்டருக்கும் ரூமுக்கும் நடுவுல அந்த சுவரு மலை மாதிரி நிக்கும்.

எங்க அத்தை வீடு செங்காங்ல, நாலறை வீடு. போன் பண்ணி, "தம்பி, ரவுட்டர் மாத்தணும்டா, எந்த கம்பெனி நல்லது சொல்லு"ன்னாங்க. "அத்தே, இப்ப ரவுட்டர எங்க வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். "செருப்பு கேபினெட்டு உள்ளதான், வெளிய வெச்சா வயரு தொங்கி அசிங்கமா இருக்குல்ல." போயி பாத்தா வாசல் பக்கத்து கேபினெட்டுல, கதவு சாத்தி, கீழ் தட்டுல, ஓஎன்டிக்கு மேலயே ரவுட்டர படுக்க வெச்சிருக்கு, தொட்டா சுடுது. கேபினெட்டுக்கு அந்தப் பக்கம் ஷெல்டர் சுவரு. அதுக்கும் அப்பால மாமா வேலை பாக்குற ரூமு. அந்த ரூம்ல வைஃபை 30 எம்பிபிஎஸ்கூட தாண்டல. நாங்க புது ரவுட்டர் எதுவும் வாங்கல. பத்து மீட்டர் தட்டை லேன் கேபிள் ஒண்ணு வாங்கி தரையோரமா ஓட்டி, ரவுட்டர ஹால்ல டிவி கன்சோலுக்கு மேல, டிவிக்குப் பின்னாடி ஒளியாம ஓரமா நிமித்தி வெச்சோம், ஓஎன்டி மட்டும் கேபினெட்டுல இருந்துச்சு. அதே ரவுட்டர், அதே ரூமு, 300க்கு மேல வந்துச்சு. அத்தைக்கு வயரு தெரியிறதுல இன்னும் மனசு ஒப்பல, மாமா மட்டும் ரொம்ப சந்தோசமா இருக்காரு.

ஓஎன்டி எங்க இருந்தாலும் பரவாயில்ல, அதுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல கேபிள நீளமா விட்டுக்கலாம், ரவுட்டர்தான் வீட்டுக்கு நடுவுல, உயரமா, திறந்த இடத்துல இருக்கணும். டிவி, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி, பெரிய கண்ணாடி இதுக்குப் பின்னாடி வேண்டாம். மூடுன கேபினெட்டு ரெண்டு விதத்துல கெடுதல், சிக்னலும் அடங்கும், சூடும் ஏறும். நெறைய வீட்டு ரவுட்டர் 40 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்னு கம்பெனிக்காரங்களே போடுறாங்க, நம்ம ஊரு வெக்கைக்கு மூடுன அலமாரிக்குள்ள அத சுலபமா தாண்டிடும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ரவுட்டர் ஹேங் ஆகுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதான் வருதுங்குறவங்க முதல்ல சூட்ட பாருங்க.

இடம் மாத்தியும் பத்தல, இல்ல ரவுட்டர் ரொம்ப பழசு, இப்ப வாங்கலாம்னு வெச்சுக்குவோம். பாக்ஸ் மேல வைஃபை 5, 6, 6ஈ, 7னு போட்டிருக்கும், அது தலைமுறை, மேல சொன்ன 5, 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இல்ல. 5 இப்ப புதுசா வாங்கக் கூடாது. 6 வந்தது 2019 வாக்குல, நெறைய சாமான் ஒரே நேரத்துல ஓடும்போது சமாளிக்கிறதுக்குன்னே செஞ்சது, இன்னிக்கும் பெரும்பாலான வீட்டுக்கு இது தாராளம். 6ஈன்னா அதே 6, கூட 6 கிகாஹெர்ட்ஸ் இருக்கும். 7க்கு 2024 ஜனவரியில சர்டிஃபிகேட் குடுக்க ஆரம்பிச்சாங்க.

அடுத்தது ஏஎக்ஸ்3000, ஏஎக்ஸ்5400, பிஈ3600னு வர்ற நம்பர் (ஏஎக்ஸ்னா வைஃபை 6, பிஈன்னா வைஃபை 7). இதப் பாத்துதான் எல்லாரும் ஏமாறுறது. ஏஎக்ஸ்3000ன்னா 3000 எம்பிபிஎஸ் உங்க போனுக்கு வரும்னு அர்த்தம் இல்ல, 2.4ல 574, 5ல 2402, ரெண்டையும் கூட்டி தோராயமா 3000னு எழுதிட்டாங்க. ரெண்டு பஸ்ஸுல இருக்குற சீட்ட கூட்டி சொல்ற மாதிரி, நீங்க ஏறப் போறது ஒரு பஸ்ஸுலதான். அந்த 2402கூட சேனல் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமா ஓடுனாதான் (பாதை அகலமானா வேகம் கூடும்), போனும் அதுக்கு சப்போர்ட் பண்ணணும். ஐபோன் 11ல இருந்து 14 வரைக்கும் 80தான் எடுக்கும், அதுல 1200தான் உச்சம், நெசத்துல கையில கிடைக்குறது அதுல அறுபது எழுபது சதவீதம். ஏஎக்ஸ்5400ல 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 4804னு இருக்கும், அது நாலு ஆன்டெனா வழியா, ஆனா நம்ம போனு லேப்டாப்ல பெரும்பாலும் ரெண்டே ஆன்டெனாதான், அந்த வேகத்த எடுக்க ஆளே இல்ல. (கூடுதல் ஆன்டெனாவால தூரத்துல சிக்னல் கொஞ்சம் நிலையா இருக்கும்தான், அதுக்காக ரெண்டு மடங்கு காசு குடுக்கலாமாங்குறது உங்க இஷ்டம்.) அதனால நான் யாரு கேட்டாலும் முதல்ல திருப்பிக் கேக்குறது, உங்க வீட்டுல இருக்குற போனு லேப்டாப்பு என்ன மாடல்?

வைஃபை 7 வாங்குறவங்க ஒரு விசயத்த கட்டாயம் பாக்கணும். மலிவா வர்ற பிஈ3600 மாதிரி மாடல்ல 2.4ம் 5ம்தான் இருக்கு, 6 கிகாஹெர்ட்ஸே கிடையாது. 7னு போட்டிருக்குறதால எல்லாம் இருக்கும்னு நெனச்சு வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க, ட்ரை பேண்ட்னு (மூணு அலைவரிசை) போட்டிருக்கா, அந்த மூணாவது பேண்ட் 6 கிகாஹெர்ட்ஸ்தானான்னு பாருங்க. அமெரிக்காக்காரங்க போடுற ரிவ்யூ வீடியோவயும் அப்படியே நம்ப வேண்டாம், அங்க 6 கிகாஹெர்ட்ஸ்ல 1200 மெகாஹெர்ட்ஸ் திறந்து விட்டிருக்காங்க, இங்க தொலைத்தொடர்ப கண்காணிக்கிற ஐஎம்டிஏ 2023ல திறந்தது 500 மெகாஹெர்ட்ஸ். வைஃபை 7ஓட பெரிய பெருமையான 320 மெகாஹெர்ட்ஸ் அகல சேனல் நமக்கு ஒண்ணுதான் போட இடம் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரரும் அதையே போட்டா பங்கு போட்டுக்க வேண்டியதுதான். ஐபோன் 16 வைஃபை 7தான், ஆனா அது 160க்கு மேல போகாது. இப்பதான் புது வீட்டுக்கு சாவி வாங்குறீங்க, அஞ்சாறு வருசம் ஓட்டணும்னா 7 வாங்குங்க, தப்பில்ல. இருக்குற 6 நல்லா ஓடுதுன்னா அத தூக்கிப் போட்டுட்டு வாங்க எந்த அவசரமும் இல்ல.

5 கிகாஹெர்ட்ஸ்ல ரேடார் பிரச்சின ஒண்ணு இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது. அந்த அலைவரிசையில நடுவுல இருக்குற சேனல்கள வானிலை ரேடார் மாதிரி ஆளுங்களும் பயன்படுத்துறாங்க, அவங்களுக்குத்தான் முன்னுரிமை. ரேடார் சத்தம் கேட்டா ரவுட்டர் அந்த சேனல விட்டு உடனே ஓடணும், வேற ரேடார் சேனலுக்குப் போனா குறைஞ்சது ஒரு நிமிசம் கேட்டுப் பாத்துட்டுதான் பேச ஆரம்பிக்கணும், டிஎஃப்எஸ்னு இதுக்குப் பேரு. திடீர்னு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் காணாம போயி கொஞ்ச நேரத்துல தானா வருதுன்னா இது காரணமா இருக்கலாம். ரவுட்டர் செட்டிங்ல சேனல ஆட்டோல இருந்து எடுத்து 36ல இருந்து 48க்குள்ள, இல்ல 149க்கு மேல வெச்சு, அகலத்த 80 மெகாஹெர்ட்ஸா மாத்திப் பாருங்க. உச்ச வேகம் கொறையும், ஆனா கட்டாகாது. என்னக் கேட்டா வீட்டுக்கு அதான் வேணும்.

பிளான் 1 ஜிபிபிஎஸ்க்கு மேலன்னா போர்ட்ட பாருங்க. இப்ப 3, 5, 10 ஜிபிபிஎஸ் பிளான் எல்லாம் கூவிக் கூவி விக்கிறாங்க, தேசிய லைனையே 10க்கு ஏத்தணும்னு ஐஎம்டிஏ 100 மில்லியன் வெள்ளி வரைக்கும் செலவு பண்றதா 2024ல அறிவிச்சாங்க. நல்ல விசயம்தான். ஆனா ரவுட்டரோட வேன் போர்ட் (வெளிய இருந்து லைன் வந்து சேர்ற போர்ட்) கிகாபிட்தான்னா 10 ஜிபிபிஎஸ் பிளான் போட்டும் உள்ள வர்றது 940தான். 2.5 ஜிபிபிஎஸ் போர்ட் வேணும், சிலதுல வேன் போர்ட் மட்டும் 2.5, வீட்டுப் பக்கம் போற லேன் போர்ட் எல்லாம் கிகாபிட்டா இருக்கும், ரெண்டையும் பாத்து வாங்குங்க. கேபிள பத்தி பயப்பட வேண்டாம், கேட் 5ஈயே 2.5 வரைக்கும் தாங்கும். வீட்டுல ஒரு ஆளுகூட பெரிய ஃபைல் ஏத்தி இறக்குற வேலை பாக்கல, எல்லாம் போன்தான்னா 10 ஜிபிபிஎஸ்க்கு காசு குடுக்காதீங்க, அந்தக் காசுல ஒரு நல்ல மெஷ் செட் வாங்கலாம்.

மெஷ்னா ரெண்டு மூணு பெட்டி ஒரே பேருல வைஃபை குடுக்குறது, நீங்க நடக்க நடக்க போனு கிட்ட இருக்குற பெட்டிக்கு மாறிக்கும். இதுல முக்கியமான விசயம் ஒண்ணே ஒண்ணு, அந்தப் பெட்டிங்க தங்களுக்குள்ள எப்படி பேசிக்குதுங்குறது. நடுவுல லேன் கேபிள் இருந்துச்சுன்னா பிரமாதம், வேகம் கொறையவே கொறையாது, சாதா ஏஎக்ஸ்3000 செட்டே போதும். புது பிடிஓ (வீவக புதுசா கட்டித் தர்ற) வீட்டுல பெரும்பாலும் ஹால்லயும் ரூம்லயும் சுவத்துலயே லேன் பாயிண்ட் வெச்சுக் குடுத்துடுறாங்க, அந்த வயரெல்லாம் ஒரே இடத்துல வந்து சேரும், அத எத்தன வீட்டுல தொட்டே பாக்காம அதுக்கு மேல வால்பேப்பர் ஒட்டி வெச்சிருக்காங்க தெரியுமா! ரெனவேஷன் பண்றவங்க கான்ட்ராக்டர் கிட்ட அந்த பாயிண்ட்ட மறைக்காதீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. பழைய ரீசேல் வீடு வாங்கி எப்படியும் வயரிங் மாத்துறீங்கன்னா ஹால்ல இருந்து ரூமுக்கு ஒரு கேட் 6 வயர சேத்து இழுத்துடச் சொல்லுங்க, ஷெல்டர் சுவர மட்டும் உடைக்க விடாதீங்க, அது சட்டப்படி கூடாது.

கேபிள் இழுக்க வழியே இல்லன்னா பெட்டிங்க வைஃபை வழியாதான் பேசிக்கும். அப்ப ட்ரை பேண்ட் வாங்குறது நல்லது, ஒரு பேண்ட்ட தங்களுக்குள்ள பேசிக்கிறதுக்குன்னு ஒதுக்கிக்கும், இல்லன்னா ஒரே பேண்டுல வாங்கி அதுலயே திருப்பிக் குடுக்கணும், வேகம் பாதியாயிடும். ரெண்டாவது பெட்டிய சிக்னல் வராத ரூமுக்குள்ள வெக்காதீங்க. அதுக்கே சிக்னல் வரலன்னா அது யாருக்குக் குடுக்கும்? நல்ல சிக்னலும் கெட்ட சிக்னலும் சந்திக்கிற இடத்துல, ரூம் வாசலுக்கு வெளிய காரிடார்ல வெச்சுப் பாருங்க. இருபது முப்பது வெள்ளிக்கு சுவத்துல குத்துற எக்ஸ்டெண்டரும் விக்கிறாங்க, ஒரு ஸ்மார்ட் கேமராவுக்குன்னா பரவாயில்ல, வேலை பாக்குற ரூமுக்கு அத நம்பாதீங்க.

மூணறை வீட்டுக்கு நடுவுல வெச்ச ஒரு ஏஎக்ஸ்3000 போதும், நூறு வெள்ளிக்கு முன்ன பின்ன கிடைக்கும். நாலறை அஞ்சறையில முதல்ல ஒண்ணு வெச்சுப் பாருங்க, பத்தலன்னா அதே கம்பெனியில அதே மெஷ் சேர்ற மாடலா இன்னொண்ணு சேத்துக்கலாம், அதனால வாங்கும்போதே மெஷ் சேருமான்னு பாத்து வாங்குங்க. மேசனெட் (உள்ளயே மாடி இருக்குற புளோக்கு வீடு), தரை வீடுன்னா மாடிக்கு ஒரு பெட்டி, கேபிளோட. கேபிள் இல்லாம கான்கிரீட் தளத்த தாண்டி வைஃபைய அனுப்பணும்னு பிடிவாதம் பிடிக்காதீங்க.

பிளானோட சேத்து அவங்களே ரவுட்டர் குடுத்தா வேண்டாம்னு சொல்லாதீங்க, முதல்ல அத நல்ல இடத்துல வெச்சு ஓட்டிப் பாருங்க, பல வீட்டுக்கு அதுவே போதும். ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாசம், ரவுட்டர் இல்லாத பிளான் மலிவா இருந்தா ரெண்டு வருசத்துக்கு எவ்வளவு மிச்சம்னு கணக்கு போட்டுட்டு சொந்தமா வாங்கலாம். ஓஎன்ஆர் குடுத்த வீட்டுல நீங்க சொந்தமா இன்னொரு ரவுட்டர் மாட்டுனா ரெண்டும் ரவுட்டர் வேலை பாக்கும், டபுள் நேட்னு சொல்லுவாங்க, யூடியூப் வாட்ஸ்அப்புக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா கேம் ஆடுற பிள்ளைங்களுக்கும் வீட்டு கேமராவ வெளிய இருந்து பாக்குறவங்களுக்கும் தொல்லை. ஓஎன்ஆர பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலைய விட்டுட்டு லைன மட்டும் கடத்துறது) மாத்திக் குடுங்கன்னு கேளுங்க, முடியாதுன்னா உங்க ரவுட்டர ஆக்ஸஸ் பாயிண்ட் மோடுல (வைஃபை மட்டும் குடுக்குறது) போடுங்க. டிவி பாக்ஸும் அவங்க கிட்டயே எடுத்திருந்தா வாங்குறதுக்கு முன்னாடி உங்க ரவுட்டர்ல அது ஓடுமான்னு கேட்டுக்குங்க, டிவிக்குன்னு தனி விலேன் (ஒரே லைனுக்குள்ள தனியா பிரிச்ச பாதை) செட்டிங் தேவைப்படலாம்.

பாதுகாப்பு விசயத்துல நம்ம ஊருக்கு ஒரு நல்ல வசதி இருக்கு, அத நாம பயன்படுத்துறதே இல்ல. சைபர் செக்யூரிட்டி ஏஜென்சி 2020ல ஒரு லேபல் கொண்டு வந்தாங்க, 1ல இருந்து 4 ஸ்டார் வரைக்கும். 2021 ஏப்ரல்ல இருந்து இங்க விக்கிற வைஃபை ரவுட்டருக்கு அதோட முதல் நிலையாவது கட்டாயம்னு ஆக்குனாங்க. எல்லா ரவுட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விக்கக் கூடாது, அப்டேட் குடுக்கணும், இதெல்லாம்தான் அந்த முதல் நிலை. 2016ல மிராய்னு ஒரு வைரஸ், மாத்தாம விட்ட ஃபேக்டரி பாஸ்வேர்ட வெச்சே லட்சக்கணக்கான கேமராவுக்குள்ளயும் ரவுட்டருக்குள்ளயும் புகுந்துச்சு, அதனாலதான் இவ்வளவு கண்டிப்பு. அந்த லேபல்ல எது வரைக்கும் செல்லும்னு தேதியும் இருக்கும். ஒரே விலையில ரெண்டு ரவுட்டர் இருந்தா ஸ்டார் கூட இருக்குறத, தேதி தள்ளி இருக்குறத எடுங்க. கம்பெனி அப்டேட் குடுக்குறத நிறுத்திட்டா ரவுட்டர் எவ்வளவு நல்லா ஓடுனாலும் வீட்டுக் கதவுக்கு பூட்டு போடாம விட்ட கணக்குதான்.

சிம் லிம்ல, சேலஞ்சர்ல, கோர்ட்ஸ்ல, ஷாப்பில எங்க வாங்குனாலும் லோக்கல் வாரண்டியான்னு கேளுங்க. சீனாவுல விக்கிறதுக்குன்னு செஞ்ச செட் பாதி விலையில கிடைக்கும், மெனு சீன மொழியில இருக்கும், சேனல் செட்டிங் அந்த ஊருக்குப் போட்டது, அடாப்டர்ல நம்ம சேஃப்டி மார்க் இருக்காது. நாள் முழுக்க குத்தியே இருக்குற சாமான், அந்த அடாப்டர் விசயத்துல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. கேரசெல்ல பழசு வாங்குறதா இருந்தா அந்த மாடலுக்கு கடைசியா எப்ப அப்டேட் வந்துச்சுன்னு கம்பெனி வெப்சைட்டுல போயி பாத்துட்டு அப்புறம் விலை பேசுங்க.

மாட்டுன அன்னிக்கே அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க, வைஃபை பாஸ்வேர்டு வேற அட்மின் பாஸ்வேர்டு வேற, ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது. தானா அப்டேட் ஆகுறத ஆன் பண்ணுங்க, டபிள்யூபிஎஸ்ஸ (பட்டன அமுக்கி பாஸ்வேர்டு போடாமலே சேர்ற வசதி) அணைங்க. செக்யூரிட்டியில டபிள்யூபிஏ3 (வைஃபைக்குப் போடுற பூட்டுல புதுசு) மட்டும்னு போட்டா பழைய பிரிண்டரும் ஸ்மார்ட் பல்பும் சேராது, அதனால டபிள்யூபிஏ2ம் 3ம் கலந்தத போடுங்க. வர்ற விருந்தாளிக்கும் வீட்டு கேமரா, ஏர்கான் மாதிரி சாமானுக்கும் கெஸ்ட் நெட்வொர்க்க குடுத்துடுங்க, அதுல எதுலயாவது ஓட்டை விழுந்தாக்கூட உங்க லேப்டாப் பக்கம் வராது. அப்புறம் கடையில திருப்பிக் குடுக்க அனுமதிக்கிற நாளுக்குள்ள போன எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ரூமா போயி கதவ சாத்திட்டு ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு, புளோக்கே நெட் பாக்குற நேரத்துல டெஸ்ட் பண்ணுங்க. மத்தியானம் வர்ற ஸ்பீட நம்பாதீங்க. குளியலறையில 50 வந்தாக்கூட போதும், பிள்ளை படிக்கிற மேசையில, நீங்க வேலை பாக்குற மேசையில என்ன வருதுன்னுதான் பாக்கணும்.

பழைய ரவுட்டர யாருக்காவது குடுக்குறதா இருந்தா பின்னாடி இருக்குற சின்ன ரீசெட் ஓட்டையில ஊசிய விட்டு பத்து பதினஞ்சு நொடி அமுக்கிப் பிடிங்க, லைட் எல்லாம் அணைஞ்சு எரியும், உங்க பாஸ்வேர்டெல்லாம் போயிடும். அப்டேட் நின்னு போனதுன்னா யாருக்கும் குடுக்காதீங்க, ரீசெட் பண்ணி மால்ல, சமூக மன்றத்துல வெச்சிருக்குற இ-வேஸ்ட் தொட்டியில போட்டுடுங்க, ரவுட்டரும் மோடமும் அதுல போடலாம்.